பல் நோவும் நாடி உளைவும்

தமிழ்ப் பாடசாலையில் உடலுறுப்புகளின் பெயர்களைக் கீழ் வகுப்பிலேயே கற்பித்துவிடுகிறோம். கண், காது, பல், நாடி என்று சிறார்கள் தொட்டுக் காட்டிச் சொல்வார்கள். அவ்வுறுப்புகளில் எழும் நோவைக் குறிக்கும் சொற்களை மட்டும் நாம் கற்பிப்பதில்லை. இக்குறை எத்துணை பெரிதென்பதை, மார்க்கத்தில் ஒரு பனிக்காலக் காலைப்பொழுது எமக்கு உணர்த்தியது.

எமது மாணவி ஒருத்தியின் அப்பப்பா, வாசலில் குவிந்திருந்த பனியை அள்ளி ஒதுக்கிவிட்டு உள்ளே வந்து, இடப்பக்க நாடியைப் பிடித்தபடி கதிரையில் அமர்ந்தார். "நாடி உளையுது பிள்ளை" என்றார். பெற்றோர் வேலைக்குப் போயிருந்தனர். பன்னிரண்டு வயதுப் பேத்தி பல் வைத்திய நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்து, அப்பப்பாவுக்குப் பல் நோகிறது என்று ஆங்கிலத்தில் கூறினாள். எந்தப் பல் என்று மறுமுனையில் இருந்த பெண்மணி கேட்டார். பிள்ளை திரும்பி வினவினாள். "அந்தப் பக்கம் எனக்குப் பல்லே இல்லையே. கையும் சேர்ந்தெல்லோ உளையுது" என்றார் பெரியவர். அதனை அவள் மொழிபெயர்த்ததும், உடனே 911ஐ அழைக்குமாறு அப்பெண்மணி பணித்தார். வந்தது மாரடைப்பு. பெரியவர் பிழைத்துக்கொண்டார்.

இதயத்தின் நோவு நாடியில் தோன்றுவானேன்? இதயத்திலிருந்தும் கழுத்து, நாடி, தோள் ஆகியவற்றிலிருந்தும் மூளைக்குச் செல்லும் நரம்புச் செய்திகள் வழியில் ஒன்றுசேர்கின்றன. எங்கிருந்து வந்த செய்தி என்று பிரித்தறிய மூளை தடுமாறுகிறது. பெண்களிலும், முதியோரிலும், நீரிழிவு உள்ளோரிலும் மார்பில் நோவின்றியே மாரடைப்பு வருவதுண்டு. நீரிழிவும் இதயநோயும் எம்மவரிடையே மிகுந்திருப்பது யாவரும் அறிந்ததே. ஆதலால், உடலை வருத்தி வேலை செய்யும்போது நாடியில் நோவு எழுந்தால், அல்லது வியர்வை, மூச்சுமுட்டு, குமட்டல் ஆகியவற்றோடு அது வந்தால், பல் வைத்தியரைத் தேடி நேரத்தைப் போக்கலாகாது.

இனிப் பல்லுக்கு வருவோம். சூத்தைப் பல்லை ஊரில் புழு அரித்த பல் என்பர். கண்டங்கத்தரி விதையைத் தணலிலிட்டு, அதன் புகையை வாயில் பிடிக்கும் வழக்கமும் இருந்தது. ஐரோப்பியரும் வேறொரு செடியின் விதையைக் கொண்டு இவ்வாறே செய்தனர். புகை பிடித்தபின் அங்கே விழுந்து கிடந்தனவாகக் காட்டப்பட்ட வெண்ணிறப் புழுக்கள், வெப்பத்தால் வெடித்த விதைகளின் முளைகளேயன்றி வேறல்ல. பல்லில் புழு இல்லை. வாயில் எந்நேரமும் வாழும் நுண்ணுயிர்கள் நாம் உண்ணும் சீனியை அமிலமாக்குகின்றன. அவ்வமிலம் பல்லின் வெளியோடாகிய மிளிரியைக் கரைக்கிறது. எமது உடலிலேயே மிகக் கடினமான பொருள் மிளிரி. ஆயினும் அதில் நரம்பில்லை. எனவே அது கரையும்போது நோவும் இல்லை. சூத்தையின் வஞ்சகம் இதுதான். நோவு தொடங்கும்போது நோய் பாதிவழி கடந்துவிட்டது.

உண்ணும் சீனியின் அளவைவிட, எத்தனை தடவை உண்கிறோம் என்பதே முக்கியம். ஒரே தடவையில் உண்டு முடித்த ஒரு தட்டுக் கேசரியைவிட, மாலை முழுவதும் சிறிது சிறிதாக உறிஞ்சும் இனிப்புப் பானம் பல்லுக்குக் கூடிய கேடு செய்யும். ஒவ்வொரு மிடறும் அமிலத்தைப் புதுப்பிக்கிறது.

மிளிரியின் கீழுள்ள பகுதியில் நுண்ணிய குழாய்கள் நிறைந்துள்ளன. நோய் அங்கு எட்டும்போது குளிர்ந்த நீர் பட்டதும் பல் கூசும். கூச்சம் சில நொடிகளில் மறைந்தால் பெரும்பாலும் ஓர் அடைப்போடு பல்லைக் காத்துவிடலாம். நோய் நடுவிலுள்ள நரம்பறையை அடைந்துவிட்டாலோ, சூடும் குளிரும் பட்டபின் நோவு நெடுநேரம் நிற்கும். இரவில் படுத்ததும் விண்விண்ணென்று தெறிக்கும். அப்போது வேர்க்குழாய்ச் சிகிச்சையோ பல்லைப் பிடுங்குதலோதான் வழி.

பெற்றோர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். இரண்டு மூன்று நாட்கள் வருத்திய நோவு திடீரென்று நின்றுவிடுவதுண்டு. கராம்பு வைத்தோம், மாறிவிட்டது என்று மகிழ்கிறோம். கராம்பெண்ணெய் நோவை மரக்கச் செய்வது மெய்யே. பல் வைத்தியர்களும் அதனைத் தம் மருந்துக் கலவைகளில் பயன்படுத்துகின்றனர். ஆனால் நோவு நின்றதற்குப் பல்லின் நரம்பு இறந்துபோனதே காரணமாகவும் இருக்கலாம். கிருமிகள் இறக்கவில்லை; அவை வேர்நுனி வழியே தாடையெலும்பினுள் இறங்கிச் சீழ் கட்டும். கன்னமோ நாடியின் அடிப்பகுதியோ வீங்கி, காய்ச்சலுடன் விழுங்குவதற்கும் மூச்சுவிடுவதற்கும் கடினமானால், அது உயிருக்கே ஆபத்து. இத்தகைய கழுத்து வீக்கத்தை 1836இல் லூட்விக் என்ற ஜெர்மானிய மருத்துவர் விவரித்தார். அவர் பெயராலேயே அது இன்றும் வழங்குகிறது. அந்நிலையில் செல்லவேண்டிய இடம் வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவு.

விழப்போகும் பாற்பல்தானே என்று விட்டுவிடும் வழக்கத்தையும் நாம் ஏற்பதற்கில்லை. முன்பற்கள் ஆறேழு வயதில் விழுந்தாலும், பாற்கடைவாய்ப் பற்கள் பத்துப் பன்னிரண்டு வயதுவரை நிலைத்திருந்து, பின்வரும் பற்களுக்கு இடம் காக்கின்றன.

மேற்பற்கள் பல ஒருங்கே நோகின்றனவா? குனியும்போது நோவு கூடுகிறதா? தடிமனும் உண்டா? அப்படியாயின் பல்லில் பழுதில்லாமலும் இருக்கலாம். மேற்கடைவாய்ப் பற்களின் வேர்கள் கன்னத்தினுள் இருக்கும் காற்றறையை ஒட்டி நிற்பதால், அவ்வறையின் அழற்சி பல்வலியாகத் தோன்றும். இந்நாட்டுக் குளிர்காலத்தில் இது புதிதன்று. பதினேழு வயதுக்கு மேற்பட்டோர்க்குக் கடைசியில் நோகுமாயின் ஞானப்பல் காரணமாகலாம். காலையில் எழும்போதே நாடி உளைந்து, வாயைத் திறக்கையில் காதருகே 'டக்' என்று ஒலிக்குமாயின், உறக்கத்தில் பற்களை நெறுமும் பழக்கமுண்டா என்று பார்க்கவேண்டும். பரீட்சைக் காலங்களில் மாணவரிடையே இதனைக் காண்கிறோம். முகத்தில் மின்னல் வெட்டினாற்போல் நோவு பாய்ந்து நொடியில் மறைவது முக்கிளை நரம்பின் நோய். அதனைப் பல்வலியென்று கருதி நல்ல பற்களைப் பிடுங்குவித்தவர்களும் உளர்.

வெற்றிலை பாக்குப் போடும் முதியோர்க்கு ஒரு சொல். பாக்கு, கன்னத்தின் உட்புறத்தை இறுகச் செய்து, வாயைத் திறக்கும் அளவை ஆண்டுதோறும் குறைக்கவல்லது, புற்றுநோய்க்கும் வழிகோலும். புகையிலை சேர்த்தால் கேடு மேலும் பெருகும். இரு வாரங்களில் ஆறாத வாய்ப்புண்ணை வைத்தியரிடம் காட்டியே ஆகவேண்டும்.

செலவுக்கு அஞ்சியே பலர் பல்வலியைப் பொறுத்துக்கொள்கின்றனர். அந்த அச்சத்தில் நியாயம் உண்டு. ஒன்ராறியோவின் சுகாதார அட்டை வழமையான பல் வைத்தியச் செலவை ஏற்பதில்லை. ஆனால் குறைந்த வருமானமுள்ள குடும்பங்களின் பதினேழு வயதும் அதற்குக் குறைந்த வயதுமுடைய பிள்ளைகளுக்கு மாகாண அரசின் இலவசத் திட்டம் உள்ளது. மத்திய அரசின் பற்பராமரிப்புத் திட்டம் 2024 மே மாதத்தில் சேவையைத் தொடங்கியது. பல் காப்புறுதி இல்லாத, ஆண்டுக்கு 90,000 டொலருக்குக் குறைந்த குடும்ப வருமானமுள்ளோர் அதற்கு விண்ணப்பிக்கலாம். வருமான வரிப் படிவம் தாக்கல் செய்திருத்தல் வேண்டும். ஊரிலிருந்து அண்மையில் வந்த அப்பம்மாமாருக்கு இப்படிவங்களை நிரப்பிக் கொடுப்பவர்களும் பெரும்பாலும் எம் பிள்ளைகளே.

மாணவர்க்குப் பயிற்சி: கூச்சம், குத்து, தெறிப்பு, உளைவு, கடுப்பு, குடைச்சல், எரிவு ஆகிய ஏழு சொற்களையும் கொப்பியில் எழுதுக. ஒவ்வொன்றும் எத்தகைய நோவைக் குறிக்கும் என்று வீட்டிலுள்ள பெரியவரிடம் கேட்டு, அதற்கேற்ற ஆங்கில விளக்கத்தை ஒரு வசனத்தில் எழுதி அடுத்த வகுப்புக்குக் கொண்டுவருக.