பின்னால் ஒரு சிவப்பு விளக்கு

கொல்கத்தாவில் நவம்பர் கடைசியில் மாலை ஐந்து மணிக்குள் சூரியன் மறைந்துவிடும். சென்னையில் அதே நாளில் 5.40 ஆகும். நாடு முழுக்க ஒரே கடிகாரம் என்பதால் கிழக்கே இருக்கும் நமக்குச் சாயங்காலம் சுருங்கிப் போகிறது. தமிழ்நாட்டிலிருந்து படிப்புக்கோ வேலைக்கோ வந்து, கைமாறிய சைக்கிள் ஒன்றை வாங்கி ஓட்டும் தம்பி தங்கைகளுக்கு முதல் குளிர்காலத்தில்தான் இது உறைக்கும். ஐந்தரைக்கு ட்யூஷன் முடிந்து வெளியே வந்தால் கும்மிருட்டு. சைக்கிளில் விளக்கு இருக்காது. ஊரில் அந்த நேரத்துக்கு விளக்கு தேவைப்பட்டதில்லையே!

லேக் மார்க்கெட்டில் காபிப் பொடியும் வாழையிலையும் வாங்க வரும் நம்மவர்களில் வயதானவர்களைக் கேட்டுப் பாருங்கள். சதர்ன் அவென்யூவில் மரங்கள் கவிந்து தெருவிளக்கை மறைக்கும் இடங்களில் சைக்கிள் வருவதே தெரிவதில்லை என்பார்கள். சத்தம் கிடையாது, வெளிச்சம் கிடையாது, முழங்கையை உரசிக்கொண்டு போன பிறகுதான் தெரிகிறது. டாக்சிக்காரர்களும் பஸ் டிரைவர்களும் இதையே கொஞ்சம் காரமாகச் சொல்வார்கள். இந்தப் புகாரில் தப்பே இல்லை. நான் சைக்கிள்காரர்கள் கட்சி. அதனால்தான் இதை முதலில் ஒப்புக்கொள்ளச் சொல்கிறேன்.

இந்த ஊரில் சைக்கிள் பட்ட பாடு உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 2013-ல் கொல்கத்தா போலீஸ் 174 சாலைகளில் சைக்கிளுக்குத் தடை போட்டது. பால்காரர், பேப்பர் போடுகிறவர், மீன்காரர், பிளம்பர் என்று இந்த நகரத்தின் காலை வேலையைச் சுமக்கிற அத்தனை பேரையும் பிடித்து அபராதம் போட்டார்கள். எதிர்ப்பும் வழக்கும் கிளம்பிய பிறகு, 2014-ல் அந்த எண்ணிக்கை 62 சாலைகளாகக் குறைந்தது. 2020 ஜூனில், கொரோனா ஊரடங்கு தளர்ந்து பஸ்ஸில் கூட்டம் சேரக்கூடாது என்ற நேரத்தில், முதல்வர் சொல்லி சின்னச் சாலைகளில் சைக்கிளை அனுமதித்தார்கள். இன்னொரு பக்கம் அதே மாநில அரசு 2015-லிருந்து ‘சபுஜ் சாத்தி’ திட்டத்தில் ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு இலவசமாகச் சைக்கிள் கொடுக்கிறது. இதுவரை ஒரு கோடிக்கும் மேல் கொடுத்தாகிவிட்டது. ஒரு கை கொடுக்கிறது, இன்னொரு கை தடுக்கிறது. தடை வேண்டும் என்பவர்கள் சொல்லும் காரணங்களில் ஒன்று பாதுகாப்பு. விளக்கில்லாமல் போகிற ஒவ்வொரு சைக்கிளும் அவர்கள் பக்கம் சாட்சி சொல்லப் போகிறது. அந்தச் சாட்சியை நாம் ஏன் கொடுக்க வேண்டும்?

சரி, விஷயத்துக்கு வருவோம். நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் ஒரு நொடியில் பதினொரு மீட்டர் ஓடும். டிரைவர் உங்களைப் பார்த்து, புரிந்துகொண்டு, பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை நொடி ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரேக் பிடிக்க ஆரம்பிக்கும் முன்பே பதினாறு மீட்டருக்கு மேல் போய்விட்டது. அதன் பிறகு வண்டி நிற்க வேறு தூரம் வேண்டும். கறுப்புச் சட்டையில், விளக்கில்லாத கறுப்புச் சைக்கிளில் போகிறவரை அவ்வளவு தூரத்திலேயே கண்டுபிடிப்பது எந்த டிரைவருக்கும் கஷ்டம். ‘எனக்குத்தான் ரோடு நன்றாகத் தெரிகிறதே, தெருவிளக்கு இருக்கிறதே’ என்பீர்கள். உங்களுக்குத் தெரிவது வேறு, நீங்கள் தெரிவது வேறு. நகரத்தில் சைக்கிள் விளக்கு பெரும்பாலும் இரண்டாவதற்குத்தான்.

கையில் இருக்கும் காசுக்கு ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் பின்பக்கச் சிவப்பு விளக்கை வாங்குங்கள். முன்னால் வருவதை நீங்கள் பார்த்து ஒதுங்கலாம். பின்னால் வருவதை உங்களால் பார்க்க முடியாது. சின்ன எல்.இ.டி. விளக்குகள் இருநூறு ரூபாய்க்குள்ளேயே கிடைக்கும். லால்பஜார் பக்கம் பெண்டிங்க் ஸ்ட்ரீட்டில் வரிசையாகச் சைக்கிள் கடைகள் இருக்கின்றன, அங்கே கேளுங்கள். பட்டன் செல் போடுவதைவிட, போன் சார்ஜரிலேயே சார்ஜ் ஏறுகிற விளக்கு நல்லது. செல் தீர்ந்தால் ‘நாளைக்கு வாங்கலாம்’ என்று ஒரு மாதம் ஓட்டிவிடுவோம். போனைச் சார்ஜில் போடும்போது இதையும் போட்டுவிடுவது பழக்கத்தில் வந்துவிடும்.

எங்கே மாட்டுவது என்பதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். காலையில் மீன் கொண்டுபோகிற ஒருவரின் சைக்கிளை அருகில் நின்று பாருங்கள். கேரியரில் பெரிய அலுமினியப் பாத்திரம், அதன் மேல் ஈரச் சாக்கு, அந்தச் சாக்கின் நுனி மட்கார்டு வரை தொங்கும். சீட்டுக்குக் கீழே நல்ல விளக்கே எரிந்துகொண்டிருந்தாலும் பின்னால் வரும் லாரிக்கு ஒரு பொட்டு வெளிச்சம் தெரியாது. மட்கார்டில் கம்பெனி வைத்துக் கொடுத்த சிவப்பு ரிஃப்ளெக்டரும் அதே சாக்குக்குள். பாரம் ஏற்றுகிறவர்கள் விளக்கைக் கேரியரின் கடைசிக் கம்பியில், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி கட்ட வேண்டும். அதுவும் மறைந்தால் மூட்டையின் மேலேயே கட்டுங்கள். தங்கைகளே, உங்களுக்குத் துப்பட்டாதான் பிரச்சினை. அது பின்னால் விழுந்து விளக்கை மூடும், சக்கரத்திலும் சிக்கும். இரண்டுக்கும் சேர்த்து, குறுக்கே போட்டு இடுப்பில் முடிந்துகொண்டு ஏறுங்கள். முன்னால் கூடை வைத்த சைக்கிள் என்றால் முன்விளக்கை ஹேண்டில்பாரில் மாட்டாதீர்கள். கூடையில் பையை வைத்ததும் வெளிச்சம் பைக்கு மட்டும்தான் அடிக்கும். கூடையின் முன்பக்கத்திலோ, கீழே முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கிலோ மாட்டுங்கள்.

ரிஃப்ளெக்டர் இருக்கிறதே, விளக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில். 2020-ல் மத்திய அரசு சைக்கிள் ரிஃப்ளெக்டர்களுக்குத் தரக்கட்டுப்பாட்டு உத்தரவே கொண்டுவந்தது. நல்ல காரியம்தான். ஆனால் ரிஃப்ளெக்டருக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. நேராக ஹெட்லைட் பட்டால்தான் அது மின்னும். கொல்கத்தாவில் பெரிய சாலையில் விரட்டுவதால் சைக்கிள்கள் பெரும்பாலும் சந்துகள் வழியாகப் போகின்றன. சந்திலிருந்து சாலையில் நுழையும்போது குறுக்கே போகிற காரின் ஹெட்லைட் உங்கள் மேல் படாது, அதன் பாட்டுக்கு நேராக ஓடும். நடந்துபோகிற பெரியவர் கையில் ஹெட்லைட்டே இல்லை. அந்த இடத்தில் உங்களைக் காப்பாற்றுவது முன்னால் எரிகிற வெள்ளை விளக்கு மட்டுமே. சந்துகள் நிறைந்த இந்த ஊரில் அதைக் கூடுதல் அலங்காரம் என்று நினைக்காதீர்கள்.

முன்விளக்கைக் கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்த்து வையுங்கள். ஐந்தாறு மீட்டர் தள்ளித் தரையில் வெளிச்சம் விழுந்தால் போதும். எதிரே வருகிறவர் கண்ணில் அடித்தால் அவருக்கு உங்களையும் தெரியாது, பக்கத்தில் நடக்கிற பாட்டியையும் தெரியாது. கண்ணைப் பறிக்கும் வேகத்தில் மினுக்குகிற மோடும் வேண்டாம். நிலையாக எரியும் விளக்கைப் பார்த்தால்தான் நீங்கள் எவ்வளவு தூரத்தில், எவ்வளவு வேகத்தில் வருகிறீர்கள் என்று அடுத்தவர் கணக்குப் போட முடியும்.

ரிஃப்ளெக்டர் டேப்பையும் விட்டுவிடாதீர்கள், அது மலிவு. பெடலின் இரண்டு ஓரத்திலும் ஒட்டுங்கள். மேலும் கீழும் போய்வருகிற அந்த இரண்டு புள்ளிகளைப் பார்த்ததுமே யாரோ பெடல் போடுகிறார் என்று டிரைவருக்குப் புரிந்துவிடும்.

நம் அப்பா, தாத்தா காலத்துக் கதைகள் நினைவிருக்கும். விளக்கில்லாமல் போனால் போலீஸ்காரர் நிறுத்தி டயரில் காற்றைப் பிடுங்கிவிடுவார். அதற்குப் பயந்தே டைனமோ மாட்டினார்கள். இருட்டிய பின் டைனமோவைத் தட்டி டயரோடு சேர்த்தால் பெடல் கனக்கும், உர்ரென்று சத்தம் வரும், ஆனால் விளக்கு எரியும். அதன் குறை, சைக்கிள் நின்றால் விளக்கும் நின்றுவிடும். இப்போதைய எல்.இ.டி.யில் அந்தத் தொல்லை இல்லை. சிக்னலில் நிற்கும்போதும் எரிகிறது. மிதிக்கும் கனமும் கூடுவதில்லை. பொருள் மலிந்த காலத்தில் பழக்கம் போய்விட்டது என்பதுதான் எனக்கு வருத்தம்.

டென்மார்க்கில் ஓடென்சே என்ற ஊரில் 2004-05-ல் சுமார் 3,800 சைக்கிள்காரர்களை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரு பாதிப் பேரின் சைக்கிளில், சக்கரம் சுற்றும்போதெல்லாம் தானாக எரியும் விளக்கைப் பொருத்தினார்கள். பகலிலும் அது எரியும். அவர்கள் காயம்பட்ட விபத்துகள் மற்றவர்களைவிட 19 சதவீதம் குறைவு. பகலையும் சேர்த்தே இந்தப் பலன். டிசம்பர், ஜனவரியில் இங்கே காலைப் பனிமூட்டத்தில் கொஞ்சம் தள்ளி நிற்பவர் மங்கலாகத்தான் தெரிவார். ஆகவே விடிந்துவிட்டது என்று விளக்கை அணைக்காதீர்கள், பனி விலகும் வரை எரியட்டும்.

இன்னும் இரண்டு சொல்லிவிடுகிறேன். இருட்டில் எதிர்த்திசையில் ஓட்டவே கூடாது. நீங்கள் வருவதை யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள், உங்கள் சிவப்பு விளக்கும் அப்போது வீண். டிராம் ஓடாத தெருவிலும் பழைய தண்டவாளம் கிடக்கும். மழை ராத்திரியில் அது கண்ணுக்கே தெரியாது. முன்விளக்கில் பளபளப்பைக் கண்டதும் வேகத்தைக் குறைத்து, கூடியவரை செங்கோணத்தில் கடந்துவிடுங்கள். சாய்வாகப் போனால் சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஆளைத் தள்ளிவிடும்.

லக்னோவில் ஒரு பெண்ணின் தாத்தா 2020 டிசம்பரில் சைக்கிளில் போகும்போது, பனிமூட்டத்தில் கார் மோதி இறந்தார். சைக்கிளில் விளக்கில்லை. அந்தப் பெண் அதன் பிறகு, சைக்கிளில் லைட் மாட்டிக்கொள்ளுங்கள் என்று எழுதிய அட்டையோடு சாலையோரம் நின்று, வருகிறவர்களை நிறுத்தி இலவசமாகச் சிவப்பு விளக்கு மாட்டிவிட ஆரம்பித்தார். நூற்றுக்கணக்கான சைக்கிள்களுக்கு அப்படி மாட்டியிருக்கிறார். சட்டம், தடை, அபராதம் எல்லாவற்றையும்விட இந்த வழிதான் எனக்குச் சரியாகப் படுகிறது. விளக்கில்லாமல் ஓட்டுகிறவர்களில் பலருக்கு அது திமிர் இல்லை, அந்த இருநூறு ரூபாயை வீட்டுச் செலவிலிருந்து எடுக்க மனசு வராததுதான் காரணம்.

அதனால் உங்கள் சைக்கிளுக்கு வாங்கும்போது இரண்டாக வாங்குங்கள். விடியுமுன் உங்கள் வீட்டுக்குப் பேப்பர் போடுகிறவர் யார், பால் கொண்டுவருகிறவர் யார் என்று பாருங்கள். அவர் சைக்கிளின் பின்பக்கம் இருட்டாக இருந்தால் இந்த வாரமே நிறுத்தி, கேரியரின் கடைசிக் கம்பியில் நீங்களே மாட்டிக் கொடுத்துவிடுங்கள்.