கம்பி மாறினால் கலங்க வேண்டாம்

எமது இளைஞர் வட்டத்தினர் சிற்றாலயத்துக்கென எல்.எம். 386 ஐ.சி.யைக் கொண்டு சிறிய ஒலிபெருக்கியொன்றைச் செய்தனர். 9 வோல்ற் பற்றரியின் முனைகள் மாறிப்போக, ஐ.சி. சூடேறியது, சத்தமே இல்லை. கம்பி பூட்டிய தம்பி வெட்கத்தால் அடுத்த வகுப்புக்கு வரவில்லை. அவரை அழைத்து வந்து, அவர் கையாலேயே பழுதைத் தேடச் செய்தோம். தேடிய ஒழுங்கு இது:

1. முதலில் பற்றரியைக் கழற்றுங்கள். புதிய ஐ.சி.யை அவசரப்பட்டுப் பூட்டாதீர்கள். பிழை திருந்தாவிட்டால் அதுவும் பழுதாகும்.

2. ஐ.சி.யின் வெட்டு மேலிருக்க, இடப்பக்க மேற்காலே 1. அங்கிருந்து கீழிறங்கி, வலப்பக்கம் மேலேறி எண்ணுங்கள். 6ஆம் காலுக்கு நேர்முனை, 4ஆம் காலுக்கு மறைமுனை. ஏனைய கம்பிகளையும் வரைபடத்தோடு ஒப்பிடுங்கள்.

3. முனை குறித்த கொள்ளளவிகள் வீங்கியிருந்தால் மாற்றுங்கள்.

4. புதிய ஐ.சி.யைப் பூட்டி, ஒலி கொடுக்காமல், 4ஆம் காலுக்கும் 5ஆம் காலுக்கும் இடையே மல்ரிமீற்றரால் அளந்து பாருங்கள். பற்றரியின் பாதி, ஏறத்தாழ 4.5 வோல்ற் காட்டினால் நன்று. 0 அல்லது 9க்குக் கிட்டவெனில் பிழை இன்னும் உண்டு.

5. இறுதியாக, நேர்க்கம்பியில் 1என்4001 டயோட் ஒன்றைத் தொடராக இணையுங்கள். சுமார் 0.7 வோல்ற் குறையும். ஆயினும் இனி முனை மாறினால் மின் பாயாது.

இப்போது மற்றவர்களின் கம்பிகளைச் சரிபார்ப்பவர் அந்தத் தம்பியே.