சொல் அறிவோம்: பேஷண்ட்

மருத்துவமனையில் அன்றாடம் ஒலிக்கும் ‘பேஷண்ட்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு நோயாளி, பொறுமையுள்ளவர் என இரு பொருள்கள் உண்டு. துன்புறுதல், தாங்குதல் ஆகியவற்றைக் குறிக்கும் லத்தீன் வினையிலிருந்து பிறந்து, பிரெஞ்சு வழியாக 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் சேர்ந்தது இச்சொல். பரிவைக் குறிக்கும் ‘கம்பேஷன்’ என்பதற்கும் அதுவே வேர். ‘உடன் துன்புறுதல்’ என்பது அதன் முதற்பொருள். நோயாளியின் அருகிருந்து கவனிப்போர் செய்வதும் அதுவே.

ஆயினும், வலியை மௌனமாகத் தாங்குவது நோயாளியின் கடமையன்று. வலி எங்கே உள்ளது, எப்போது தொடங்கியது, 0 முதல் 10 வரையிலான அளவில் எவ்வளவு என்பதைச் செவிலியரிடம் உடனே கூறுங்கள். நோயாளி தயங்கினால், உடனிருப்போர் எடுத்துரையுங்கள். வலியின் தன்மையை அறிந்தால்தான் மருத்துவர் அதற்கேற்ற மருந்தளிக்க இயலும்.