நாலு நூல் பீடிங்கில் டி-50 அடிக்காதீர்கள்

நாலு நூல், அதாவது சுமார் 12 எம்எம், கனமுள்ள தேக்கு பீடிங்கில், அதுவும் மூலை வெட்டுக்குப் பக்கத்தில், டி-50 ஆணி அடிக்கக் கூடாது. இதைச் சொன்னதற்காகத் திருவொற்றியூரில் ஒரு கான்ட்ராக்டரிடம் கெட்ட பேர் வாங்கினேன். சொன்னதைக் கேட்காமல் அடிக்க வைத்தவர், பிறகு மரம் வெடித்தபோது என் கூலிப் பாக்கியையும் நிறுத்திவிட்டார். வட சென்னையில் பேசின் பிரிட்ஜ் பக்கம் ஒரு சந்தில் பட்டறை வைத்திருக்கிறேன். ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் வரைக்கும் ஜன்னல், கதவு, அலமாரி வேலை எடுக்கிறவன். எந்த நெய்ல் கன் வாங்கலாம் என்று கேட்டு வரும் தம்பிகளுக்கு வாயால் சொல்வதையே இங்கே எழுதுகிறேன்.

முதலில் நம்பர் கணக்கு. 15, 16, 18, 23 கேஜ் என்று சொல்வார்கள். நம்பர் ஏற ஏற ஆணி மெலியும். கம்பியை அச்சுத் துளைக்குள் எத்தனை தடவை இழுத்து மெலிய வைத்தார்கள் என்ற பழைய கணக்கு அது. 23 கேஜ் பின் ஆணி 0.6 எம்எம் சொச்சம், தலையே கிடையாது. 18 கேஜ் சுமார் 1.2, சின்னத் தலை உண்டு. 16 கேஜ் 1.6, 15 கேஜ் 1.8. நம் பக்கத்துக் கடைகளில் கேஜ் சொல்வதைவிட மாடல் சொல்வதுதான் வழக்கம். எஃப்-30 என்றால் 18 கேஜ், 30 எம்எம் நீளம் வரை போகும். டி-50 என்றால் 16 கேஜ், 50 எம்எம் வரை. பி-622, பி-630 எல்லாம் பின் கன். எஸ்டி-64 காங்கிரீட் சுவரில் ரீப்பர் அடிக்க. 1013ஜே என்பது அலமாரி முதுகில் ப்ளை அடிக்கிற ஸ்டேப்ளர். இவ்வளவு தெரிந்தால் கடையில் யாரும் உங்களை ஏமாற்ற முடியாது.

இனி அந்தத் திருவொற்றியூர் வேலை. கடலைப் பார்த்த அபார்ட்மென்ட், மேல் மாடி. ஹால் ஜன்னலுக்கும் டிவி பேனலுக்கும் 18 எம்எம் ப்ளை மேல் 12 எம்எம் தேக்கு பீடிங், அதன் மேல் மெலமைன் பாலிஷ். என் கையில் எஃப்-30 இருந்தது, பின் கன்னும் இருந்தது. கான்ட்ராக்டர் புதிதாக வாங்கிய டி-50 ஒன்றைக் கொண்டுவந்து ப்ளை மேல் வைத்தார். கதவு நிலையிலிருந்து பீடிங் வரை ஒரே கன்னில் முடிக்கலாம் என்று கடையில் சொல்லி விற்றிருக்கிறார்கள்.

"சார், இது நிலைக்கு நல்லா இருக்கும். பீடிங்குக்கு வேணாம், ஆணி தடி. மூலையில வெடிச்சுடும்."

"இன்னா மேஸ்திரி, ஒரு வேலைக்கு எத்தினி கன்னு? பெரிய ஆணி அடிச்சா ஸ்ட்ராங்காதானே நிக்கும்? நீ அடி, நான் பாத்துக்கறேன்."

பாத்துக்கறேன் என்றவர் பிறகு பார்த்துக்கொள்ளவே இல்லை. அப்போதே வேலையை விட்டு வந்திருக்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். கூட வந்த ஆட்களுக்குச் சாயங்காலம் கூலி கொடுக்க வேண்டியவனுக்குத்தான் அந்தக் கேள்விக்குப் பதில் தெரியும். 

அடித்தபோது பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. 45 டிகிரி வெட்டின மூலைகளில், ரேகை ஓடும் பக்கமாக முடி மாதிரி ஒரு கோடு விழுந்தது. பட்டி வைத்து மூடச் சொன்னார். பாலிஷ் பளபளவென்று வந்தது, வீட்டுக்காரர் கை கொடுத்துப் பாராட்டினார். வடகிழக்குப் பருவமழை வந்தது. மரம் ஈரத்தைக் குடித்து ஊதியது, மழை விட்டதும் காய்ந்து சுருங்கியது. முடிக் கோடு நகம் நுழையும் கோடாயிற்று. கடற்காற்றிலிருக்கும் உப்பு அதில் புகுந்து ஆணியைத் தொட்டது. ஒவ்வொரு ஆணித் தலையைச் சுற்றியும் மெலமைனுக்கு அடியில் பழுப்புக் கறை படர்ந்தது. "ஆசாரி வேலை சரியில்லை" என்று கான்ட்ராக்டர் வீட்டுக்காரரிடம் சொன்னார். என் பட்டறையில் எந்தக் காலத்திலும் யாரும் சொல்லாத வார்த்தை அது. வீட்டுக்காரர் முன்னால் நின்று, இந்த கன் வேண்டாம் என்று நான் சொன்னது உண்டா இல்லையா என்று கான்ட்ராக்டரிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டார்.

ஏன் வெடித்தது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. டி-50 ஆணியின் குறுக்களவு 1.6-க்கு 1.4 எம்எம். எஃப்-30 ஆணி 1.25-க்கு 1.0. பெருக்கிப் பாருங்கள், முன்னது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு மரத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போகிறது. பின் ஆணியோடு ஒப்பிட்டால் ஐந்து மடங்குக்கும் மேல். சுத்தியால் அடித்த காலத்தில் பெரியவர்கள் ஆணியின் முனையை ஒரு தட்டுத் தட்டி மழுங்கவைத்து அடிப்பார்கள். மழுங்கின முனை நாரை நசுக்கிக்கொண்டு போகும், பிளக்காது. ஓரமாக இருந்தால் முதலில் துளை போடுவார்கள். கன் அந்த அவகாசத்தை மரத்துக்குக் கொடுப்பதில்லை. கண் இமைப்பதற்குள் ஆணி உள்ளே. அதனால் கன்னில் அடிக்கும்போது மெல்லிய ஆணியைத் தேர்ந்தெடுப்பதுதான் மரத்துக்கு நாம் தரும் ஒரே பாதுகாப்பு.

பெரிய ஆணி அடித்தால் பலமாக நிற்கும் என்ற நினைப்பு எங்கிருந்து வந்ததோ தெரியாது. பீடிங்கைப் பிடித்து வைப்பது ஃபெவிகால். ஒட்டு காயும் வரை மரம் நகராமல் பிடித்துக்கொள்ள மட்டுமே ஆணி. இந்தக் கருவியின் சரித்திரமே இதைத்தான் சொல்கிறது. அமெரிக்காவில் ஹோவர்ட் ஹியூஸ் கட்டி 1947 நவம்பர் 2-ம் தேதி பறக்கவிட்ட பிரம்மாண்டமான மர விமானத்தில், மெல்லிய மரத் தகடுகளைப் பசை போட்டு ஒட்டி, காயும் வரை ஆணி அடித்து வைத்திருந்து, காய்ந்தபின் ஆணிகளைப் பிடுங்கிவிட்டார்கள். அந்த வேலைக்காகச் செய்த கருவியைத்தான் இன்றைய நெய்ல் கன்னுக்கு மூதாதை என்கிறார்கள். காற்றழுத்தத்தில் ஓடும் கன் 1950-ல் கடைக்கு வந்தது. விமானமே ஒட்டின் பலத்தில் பறந்தது என்றால் ஜன்னல் பீடிங் நிற்காதா?

இவ்வளவு தூரம் போக வேண்டாம், நம் கரையிலேயே உதாரணம் இருக்கிறது. சென்னையில் துறைமுகம் கட்டுவதற்கு முன்னால் கப்பலிலிருந்து ஆட்களையும் சரக்கையும் கரைக்குக் கொண்டுவந்தது மசூலா படகு. பலகைகளை ஆணி இல்லாமல் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். இறுக்கி ஆணி அடித்த வெள்ளைக்காரன் படகு நம் அலையில் அடிபட்டு உடைந்தபோது, தைத்த படகு வளைந்து கொடுத்துக் கரையேறியது. மரம் அசையத்தான் செய்யும் என்பதை ஒப்புக்கொண்டு செய்த வேலை. அந்தக் கடலின் காற்றுதான் திருவொற்றியூர் ஜன்னலிலும் அடிக்கிறது.

அதே பருவமழையில் ராயபுரத்தில், கடலுக்குக் கிட்டத்தட்ட அதே தூரத்தில், என் விருப்பப்படி செய்த இன்னொரு வீடு இருக்கிறது. அங்கேயும் 12 எம்எம் தேக்கு பீடிங். பின்னால் முழு நீளத்துக்கும் ஃபெவிகால் இழுத்து, மூலைகளில் மட்டும் பின் ஆணி, நடுவில் இடைவெளி விட்டு எஃப்-30-ல் 25 எம்எம் எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) ஆணி. கோடு இல்லை, கறை இல்லை. பார்க்க வேண்டும் என்பவர்களை அழைத்துப்போய்க் காட்டியிருக்கிறேன். அந்தக் கான்ட்ராக்டரையும் கூப்பிட்டேன், வரவில்லை.

25 எம்எம் ஏன் என்று கேட்பீர்கள். ஆணியின் நீளம் பீடிங் கனத்தைப்போல் இரண்டு மடங்காவது இருக்க வேண்டும், பாதிக்கு மேல் அடிமரத்தில் இறங்க வேண்டும். 12-ம் 18-ம் சேர்ந்தால் 30. அதில் 30 எம்எம் ஆணியைத் தலை உள்ளே இறங்கும்படி அடித்தால் முனை ப்ளையின் முதுகில் எட்டிப் பார்க்கும். 25 போதும்.

கடலோரத்தில் வேலை செய்கிறவர்கள் எஸ்எஸ் ஆணிக்குச் செலவு செய்துதான் ஆக வேண்டும். சாதாரணக் கன் ஆணியின் துத்தநாகப் பூச்சு மிக மெல்லியது. தலையை அடித்து இறக்கும்போதே கன்னின் பிளேடு அதைச் சுரண்டிவிடும். அதன்மேல் தண்ணீர் கலந்த பட்டி வைத்தால் அன்றைக்கே துரு ஆரம்பம். 304 கிரேடு கிடைத்தால் நல்லது, அலை தெறிக்கும் தூரமென்றால் 316 கேளுங்கள். எல்லாக் கடையிலும் இருப்பு இருக்காது, சொல்லி வைத்து வாங்க வேண்டும். இது வீட்டுக்காரருக்கு வீண் செலவு என்று பேசுகிறவர்கள் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு வியாசர்பாடி, எண்ணூர் வீடுகளுக்குள் வந்து பார்த்திருக்க வேண்டும். எண்ணூரில் வெள்ளத்தோடு எண்ணெயும் சேர்ந்து வந்தது. அந்த மழைக்குப் பிறகு நான் கழற்றி எடுத்த ஸ்கர்ட்டிங்கில் சாதாரண ஆணி அடித்த இடமெல்லாம் கரித் துண்டு மாதிரி கறுத்துப் பொடிந்தது. தண்ணீர் ஏறும் வீட்டில் தரையோரம் ஆணியை நம்பவே வேண்டாம், எஸ்எஸ் ஸ்குரூ போடுங்கள்.

ஆக, என்ன வாங்குவது? முதல் கன் எஃப்-30. பீடிங், லிப்பிங், டிராயர் முகப்பு என்று நம் அன்றாட வேலையில் பெரும்பகுதி அதில் முடியும். கொஞ்சம் பணம் சேர்ந்ததும் பின் கன். மெல்லிய மோல்டிங், சின்ன மூலைகள், எம்டிஎஃப் அலங்கார வேலைக்கு அதை மிஞ்ச ஒன்றுமில்லை, துளை தெரியாததால் பட்டி வேலையும் மிச்சம். ஆனால் இடித்த பழைய வீட்டிலிருந்து வரும் பர்மா தேக்கில் பின் ஆணி மடங்கும். அங்கே நீளத்தைக் குறைத்து அடித்துப் பாருங்கள், மடங்கினால் எஃப்-30-க்கு மாறுங்கள். டி-50 மூன்றாவதாக வரட்டும், கதவு நிலைச் சட்டத்துக்கும் தடித்த ஆர்க்கிட்ரேவுக்கும். டி-50 கெட்ட கருவி என்று நான் சொல்லவில்லை. அதைப் பீடிங்கில் அடிக்கச் சொல்கிறவரைத்தான் எனக்கு ஆகாது.

கம்ப்ரஸர் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இந்த கன்களுக்கு 1 எச்பி, 24 லிட்டர் டேங்க் தாராளம். அழுத்தம் 70-லிருந்து 90 பிஎஸ்ஐ. அதே மரத்தின் துண்டில் அடித்துப் பார்த்து, தலை ஒரு எம்எம் உள்ளே இறங்கும் அளவில் நிறுத்துங்கள். மழைக்காலத்தில் தினமும் டேங்கின் அடிக் குழாயைத் திறந்து தண்ணீரை வடியுங்கள், இல்லையென்றால் அந்தத் தண்ணீர் கன்னுக்குள் போகும். பட்டறை தாழ்வான இடத்தில் இருந்தால் கம்ப்ரஸரை மேஜை மேல் வையுங்கள்.

பேட்டரி கன் நல்லதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். மகிட்டா, டிவால்ட் கம்பெனிகளின் 18 வோல்ட் கன்கள் நன்றாகவே அடிக்கின்றன. குடியிருக்கும் வீட்டில் குழந்தை தூங்கும்போது கம்ப்ரஸர் சத்தம் இல்லாமல் வேலை செய்யலாம், டிவிஎஸ் எக்ஸ்எல்லில் டேங்க் ஏற்ற வேண்டாம். ஆனால் எடை மூன்று கிலோ பக்கம். காற்றில் ஓடும் எஃப்-30 ஒன்றரை கிலோவுக்கும் குறைவு. சீலிங் ஓரத்தில் நாள் முழுக்கக் கையைத் தூக்கி அடிக்கிறவன் தோளுக்கு இந்த வித்தியாசம் தெரியும். பிளக்கில் மாட்டுகிற விலை குறைந்த மின்சார கன்களைத் தேக்கில் நம்ப வேண்டாம், பாதி ஆணி வெளியே நிற்கும்.

ட்ரிகர் விஷயத்தில் மட்டும் விலையைப் பார்க்காதீர்கள். மூக்கை மரத்தில் அழுத்தி, அதன்பிறகு ட்ரிகரை இழுத்தால்தான் ஒரு ஆணி வர வேண்டும். ட்ரிகரைப் பிடித்தபடியே மூக்கு எதில் பட்டாலும் சுடுகிற வகையும் உண்டு. வேகம் என்று சொல்லி அதை விற்பார்கள். அமெரிக்க அரசின் தொழில் பாதுகாப்புத் துறை 2011-ல் வெளியிட்ட நெய்ல் கன் கையேட்டின்படி அங்கே அப்போது ஆண்டுக்கு சுமார் 37,000 பேர் நெய்ல் கன் காயத்தோடு அவசர சிகிச்சைக்குப் போனார்கள். முதல் வகை ட்ரிகரையே வாங்கச் சொல்கிறது அந்தக் கையேடு. வேலை கற்கும் பையன் கையில் இரண்டாவது வகையைக் கொடுக்கிற மேஸ்திரி யாராக இருந்தாலும் நேரில் பார்த்தால் கேட்பேன். இடது கை ஆணி நீளத்தைப்போல் இரண்டு மடங்கு தூரத்திலாவது இருக்கட்டும். ரேகை வளைந்த மரத்தில் ஆணி திரும்பிப் பக்கவாட்டில் வெளியே வரும். கண்ணாடி போடாமல் யாரும் அடிக்க வேண்டாம்.

வால்டாக்ஸ் ரோட்டிலோ லிங்கிச் செட்டித் தெருவிலோ வாங்கப் போகும்போது பையில் உங்கள் தேக்குத் துண்டு ஒன்றும் 12 எம்எம் பீடிங் ஒன்றும் இருக்கட்டும். கடைக் கம்ப்ரஸரில் மாட்டி, மூலையிலிருந்து ஒரு இஞ்ச் தள்ளி அடித்துக் காட்டச் சொல்லுங்கள். முடிக் கோடு விழுகிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். அடித்துக் காட்டமாட்டேன் என்றால் வெளியே வந்துவிடுங்கள். காட்டினார் என்றால், அந்த மாடலுக்கு டிரைவர் பிளேடும் ஓ-ரிங்கும் தனியாகக் கிடைக்குமா என்று கேட்டு, ஒரு செட் கையோடு வாங்கி வாருங்கள்.