புகை வந்தால் பழுது பார்ப்போம்

விறகு அடுப்பு எரியும் வீட்டில் கண் எரியும். இருமல் வரும். சுவர் கறுக்கும். சமைக்கும் பெண்களின் நுரையீரலைப் புகை கெடுக்கும். பக்கத்தில் இருக்கும் குழந்தைகளையும் அது விடாது.

இந்தப் புகையைக் குறைக்க வந்தவற்றில் ஒன்றுதான் பெல்லட் அடுப்பு.

பெல்லட் என்றால் என்ன? கடலைத் தோல், கரும்புச் சக்கை, மரத்தூள் ஆகியவற்றைப் பொடிப்பார்கள். இயந்திரத்தில் அழுத்திச் சிறு குச்சிகளாக ஆக்குவார்கள். மாட்டுக்கு வைக்கும் குச்சித் தீவனத்தைப் பார்த்திருப்பீர்கள். பெல்லட்டும் பார்க்க அப்படித்தான் இருக்கும்.

பெங்களூருவில் உள்ள இந்திய அறிவியல் கழகம் இதற்கு ஓர் அடுப்பை வடிவமைத்தது. ‘ஊர்ஜா’ என்ற பெயரில் 2006-ஆம் ஆண்டு அது விற்பனைக்கு வந்தது. மகாராஷ்டிரம், கர்நாடகம், தமிழ்நாடு ஆகிய மாநிலங்களில் மக்கள் அதை வாங்கினார்கள். ஊர்ஜா என்றால் ஆற்றல் என்று பொருள்.

இப்படிப்பட்ட அடுப்பு நாள்பட்டதும் மறுபடி புகையலாம். “இதுவும் பழைய அடுப்பு மாதிரிதான்” என்று பரணில் போட்டுவிடுவோரும் உண்டு. மறுபடி விறகு. மறுபடி இருமல். ஆனால் அடுப்பு முழுவதும் கெட்டுவிடவில்லை. ஏதோ ஒரு பாகம்தான் தேய்ந்திருக்கும். அது எது என்று கண்டுபிடிக்க வேண்டும்.

அடுப்பு எப்படி எரிகிறது?

அடுப்பின் நடுவில் ஒரு குழி இருக்கிறது. அதன் சுவர் சூடு தாங்கும் மண்ணால் ஆனது. குழியின் அடியில் ஓட்டைகள் உள்ள இரும்புத் தட்டு இருக்கிறது. இதைச் சல்லடைத் தட்டு என்போம். அடுப்பில் ஒரு சிறிய மின்விசிறியும் உண்டு. அது பேட்டரியில் ஓடும்.

பெல்லட்டைக் குழியில் நிரப்பி, மேலே பற்ற வைக்க வேண்டும். விசிறி தரும் காற்றில் ஒரு பங்கு அடித்தட்டு வழியாக வரும். அந்தக் காற்றால் பெல்லட் பாதி எரிந்து வாயுவாக மாறும். இன்னொரு பங்கு குழியின் மேல் ஓட்டைகள் வழியாக வரும். அது அந்த வாயுவை எரிக்கும். வாயு முழுவதும் எரிந்தால் புகை குறையும். காற்று குறைந்தால் எரியாத வாயுவே புகையாக வெளியே வரும்.

முதலில் பெல்லட்டைப் பாருங்கள். ஈரம் பட்ட பெல்லட் உப்பித் தூளாகும். தூள் ஓட்டைகளை அடைக்கும். பெல்லட் காய்ந்திருந்தும் புகை வந்தால், பாகங்களைப் பாருங்கள்.

1. மின்விசிறி

விசிறி மெதுவாகச் சுற்றுகிறதா? முதலில் பேட்டரியைச் சார்ஜ் செய்யுங்கள். பிறகு வயர் கழன்றிருக்கிறதா என்று பாருங்கள். இறக்கையில் உள்ள தூசியைக் காய்ந்த தூரிகையால் தட்டுங்கள். தண்ணீர் ஊற்றக் கூடாது.

விசிறி ஓடவே இல்லையா? மாற்ற வேண்டும். பழைய விசிறியின் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள். அதில் உள்ள வோல்ட் எண்ணைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அதே வோல்ட், அதே அளவு உள்ள விசிறியை வாங்குங்கள். காற்று முன்பு போன திசையிலேயே போகும்படி மாட்டுங்கள்.

பேட்டரி உப்பியிருந்தால், கசிந்தால், உடனே நிறுத்துங்கள். அதை நெருப்பில் போடாதீர்கள். அது வெடிக்கும்.

2. சல்லடைத் தட்டு

பெல்லட் எரிந்து கரியானதும் தட்டு மிகவும் சூடாகும். நாளடைவில் அது வளையும். ஓட்டைகள் சாம்பலால் அடைபடும். அல்லது அரித்துப் பெரிதாகும்.

அடைப்பு இருந்தால் கம்பியால் குத்தி எடுங்கள். தட்டு வளைந்திருந்தால் மாற்றுங்கள். பழைய தட்டைத் தாளில் வைத்து அளவு வரைந்து பட்டறைக்குக் கொண்டு போங்கள். வார்ப்பிரும்புத் தட்டு நல்லது. தகர டப்பாவை வெட்டிப் போட்டால் சீக்கிரம் எரிந்து ஓட்டையாகிவிடும்.

3. மண் சுவர்

குழியின் சுவரில் மயிரிழை போல விரிசலா? சூடு தாங்கும் களிமண்ணைக் குழைத்துப் பூசலாம். சூளைக்குச் செங்கல் விற்கும் கடைகளில் கேட்டுப் பாருங்கள். சிமென்ட் பூச வேண்டாம். சூட்டில் அது வெடித்து உதிரும். காற்று ஓட்டைகளை மூடிவிடாதீர்கள். பூச்சு நிழலில் நன்றாகக் காயட்டும். பிறகு முதலில் சிறு தீ மூட்டுங்கள்.

சுவர் பெரிதாக உடைந்திருந்தால் பூசிப் பயனில்லை. வெளித் தகரம் சுடும். கை வெந்துபோகும். சுவரையே மாற்ற வேண்டும்.

கவனம்!

அடுப்பு முழுவதும் ஆறிய பிறகே கை வையுங்கள். உள்ளே கனல் இருக்கலாம். பழுது பார்த்த அடுப்பை முதலில் வெளியில் வைத்துப் பற்ற வையுங்கள்.

புகை தெரியாவிட்டாலும் ஆபத்து இருக்கலாம். கனலும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயு வரும். அது கண்ணுக்குத் தெரியாது. மணமும் இல்லை. ஆளைக் கொன்றுவிடும். எனவே குளிருக்காகக் கனலும் அடுப்பை அறையில் வைத்துக் கதவை மூடித் தூங்காதீர்கள். சமைக்கும்போது சன்னலைத் திறந்து வையுங்கள்.

பழுது சரியானதா என்று எப்படி அறிவது? பாத்திரத்தின் அடியைத் தேய்த்துக் கழுவுங்கள். பிறகு சமைத்துப் பாருங்கள். அடியில் கரி குறைவாகப் பிடித்தால் அடுப்பு நன்றாக எரிகிறது. கரி அப்பினால் இன்னும் எங்கோ காற்று தடைபடுகிறது. மறுபடி தேடுங்கள்.

விடை எழுதுங்கள்

1. அடுப்பில் காற்று குறைந்தால் என்ன ஆகும்?
2. புதிய விசிறி வாங்கும் முன் எதைக் குறித்துக்கொள்ள வேண்டும்?
3. மண் சுவரில் ஏன் சிமென்ட் பூசக் கூடாது?
4. உங்கள் வீட்டு அடுப்பில் எந்தப் பாகம் தேய்ந்திருக்கிறது? பார்த்து எழுதுங்கள்.