நேரம் தவறாத தலைவலி

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி, கூமாப்பட்டி)

முன்னுரை

"தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்" என்பது பழமொழி. நான் எழுதப்போகும் தலைவலி எனக்கு வந்ததில்லை. என் பெரியப்பாவுக்கு வந்தது. ஒரே வீட்டில் இருந்து பார்த்ததால் அதைப் பற்றிச் சிறிதளவு அறிந்துகொண்டேன். அறிந்ததை என் அருமைத் தோழியருக்கும் அவர்களுடைய பெற்றோருக்கும் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எங்கள் ஊர் கூமாப்பட்டி. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், பிளவக்கல் அணைக்கு அருகில், வயலும் தென்னந்தோப்பும் சூழ அமைந்த ஊர். 2025-ஆம் ஆண்டில் அதன் அழகைக் கைப்பேசியில் கண்டு வெளியூர்களிலிருந்து பலர் வந்து பார்த்துச் சென்றனர். அந்தக் குளிர்ந்த ஊரில், மார்கழி மாதத்து நள்ளிரவில், என் பெரியப்பா ஒரு கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு, வாசலுக்கும் கிணற்றுக்குமாக நடந்துகொண்டேயிருப்பார். சில வேளைகளில் தலையைத் தூணில் முட்டிக்கொள்வார். ஒரு மணி நேரம் கழிந்ததும் ஒன்றுமே நடவாதது போல வந்து படுத்துக்கொள்வார். மறுநாள் இரவு அதே நேரத்தில் மீண்டும் எழுவார். சிறுமியாக இருந்தபோது இதைக் கண்டு நான் மிகவும் அஞ்சினேன்.

இந்நோயின் அடையாளங்கள்

இதற்குக் 'கொத்துத் தலைவலி' என்று பெயர். ஆங்கிலத்தில் 'கிளஸ்டர்' தலைவலி என்பர். சில வாரங்களுக்கு வலிகள் கொத்துக் கொத்தாக வந்து, பின் பல மாதங்கள் அடியோடு நின்றுவிடுவதால், அமெரிக்க மருத்துவர் குங்க்கிள் என்பவரும் அவருடன் பணிபுரிந்தோரும் 1952-இல் இப்பெயரை வழங்கினர்.

வலி எப்போதும் ஒரு பக்கத்தில், கண்ணிலும் அதைச் சுற்றியும் நெற்றிப் பொட்டிலும் உண்டாகும். குறைந்தது 15 நிமிடம், மிகுந்தால் 3 மணி நேரம் நீடிக்கும். இரண்டு நாளுக்கு ஒரு முறை வருவதும் உண்டு. ஒரே நாளில் எட்டு முறை வருவதும் உண்டு. வலிக்கும் பக்கத்துக் கண் சிவந்து நீர் வடியும். அப்பக்கத்து மூக்கு அடைத்துக்கொள்ளும் அல்லது ஒழுகும். இமை தொங்கிப்போகும். முகம் வியர்க்கும்.

நம்மில் பலர் அறிந்த மைக்ரேன் என்னும் ஒற்றைத் தலைவலி வேறு, இது வேறு. மைக்ரேன் உள்ளவர் இருட்டறையில் அசையாமல் படுத்திருக்க விரும்புவார். கொத்துத் தலைவலி உள்ளவரால் ஓரிடத்தில் உட்காரவே முடியாது. மைக்ரேன் பெண்களுக்கே மிகுதி. இதுவோ ஆண்களிடம் மிகுதி. எனினும் பெண்களுக்கும் வருகிறது. பெரும்பாலும் 20 வயதுக்கும் 40 வயதுக்கும் இடையில் தொடங்குகிறது.

ஏறக்குறைய ஆயிரம் பேரில் ஒருவருக்கு இது வரும் என்கின்றனர். பெங்களூரைச் சுற்றியுள்ள நகர, கிராமப் பகுதிகளில் நடத்தி 2015-இல் வெளியிட்ட ஆய்வில், நூறு பேரில் ஏறக்குறைய 64 பேர் ஓராண்டுக்குள் ஏதேனும் ஒரு தலைவலியால் துன்புற்றதாகத் தெரிந்தது. எல்லாருக்கும் தலைவலி வருவதனாலேயே, அவற்றுள் மறைந்திருக்கும் இக்கொடிய வலியை யாரும் தனியாகக் கண்டுகொள்வதில்லை.

எங்கள் வீட்டில் நடந்தது

பெரியப்பாவுக்கு முதன்முதலில் இது வந்தபோது வயது 34. நான் அப்போது கைக்குழந்தை. மேல் தாடையிலும் வலி பரவியதால் பல் நோய் என்று எண்ணி இரண்டு நல்ல பற்களைப் பிடுங்கினார்கள். அடுத்த ஆண்டு மூக்கில் நீர் கோத்திருக்கிறது என்று மருந்து கொடுத்தார்கள். பிறகு கண்ணாடி போட்டார்கள். ஒவ்வொரு முறையும் ஆறு வாரத்தில் வலி நின்றுவிடும். கடைசியாகச் செய்த வைத்தியமே குணமாக்கியது என்று நம்புவோம். அடுத்த மார்கழியில் அது தவறாமல் வந்து நிற்கும்.

அப்பத்தா சுக்கை இழைத்து நெற்றியில் பற்றுப் போட்டுப் பார்த்தார். கோடாங்கியிடமும் அழைத்துச் சென்றார். நள்ளிரவில் சிவந்த கண்ணோடு நடப்பவரைக் கண்ட சிலர், அவர் குடித்திருக்கிறார் என்றும் பேசினர். வலியைவிட அந்தப் பேச்சே தம்மை அதிகம் வாட்டியது என்று பெரியப்பா பின்னாளில் சொன்னார்.

2021-இல் மதுரையில் ஒரு நரம்பியல் மருத்துவரைப் பார்த்தோம். அவர் கேட்ட முதல் கேள்வி, "வலி வரும்போது படுப்பீர்களா, நடப்பீர்களா?" என்பதுதான். "நடப்பேன்" என்றார் பெரியப்பா. "எத்தனை மணிக்கு வரும்?" என்றார். "இரவு ஒன்றரைக்கு" என்றார். மூளையைப் படம் எடுத்து வேறு கோளாறு இல்லை என்று உறுதி செய்துகொண்டு, நோயின் பெயரைச் சொன்னார். பெயர் கிடைத்த அன்று பெரியம்மா அழுதுவிட்டார். எட்டு ஆண்டுகளுக்கும் மேலாகப் பெயரில்லாமல் எங்கள் வீட்டில் இருந்த நோய் அது.

வரலாற்றில் இந்நோய்

இது புதிய நோய் அன்று. வான் ஸ்வீட்டன் என்னும் டச்சு மருத்துவர் 1745-இல் ஒரு நடுத்தர வயது மனிதரைப் பற்றி எழுதியிருக்கிறார். நாள்தோறும் ஒரே நேரத்தில் அவருக்கு இடக்கண்ணுக்கு மேல் வலி தொடங்கும். கண் சிவந்து நீர் பெருகும். வேதனையால் அவர் பித்துப் பிடித்தவர் போலாவார். சில மணி நேரத்தில் எல்லாம் அடங்கிவிடும். இதைப் படித்தபோது என் பெரியப்பாவைப் பற்றியே எழுதியது போல இருந்தது. பின்னர் 1939-இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையைச் சேர்ந்த ஹார்ட்டன் இதை விரிவாக ஆராய்ந்தார்.

அமெரிக்க மருத்துவர் லீ குட்ரோ தாமே இந்நோயால் துன்புற்றவர். ஆக்சிஜனால் இவ்வலி தணிவதை 1981-இல் ஆய்வு செய்து வெளியிட்டார். இடக்கைப் பழக்கம் உடையவர்களுக்கு இந்நோய் அதிகம் வருகிறதா என்று அவர் ஆராய்ந்தபோது, அவருடைய மகள் லிசா குட்ரோ உடன் உழைத்தார். பிற்காலத்தில் தொலைக்காட்சித் தொடரில் நடித்து உலகப் புகழ் பெற்றவர் அவரே. தந்தையின் நோயை ஆராய மகள் துணை நின்ற செய்தி எனக்கு மிகுந்த ஊக்கத்தைத் தந்தது.

உடலுக்குள் ஒரு கடிகாரம்

இவ்வலி ஏன் நேரம் தவறாமல் வருகிறது? நம் அறிவியல் பாடத்தில் ஹைப்போதலாமஸ் என்னும் மூளைப் பகுதியைப் பற்றிப் படிக்கிறோம். உறக்கம், பசி, தாகம், உடல் வெப்பம் ஆகியவற்றை ஒழுங்குபடுத்துவது அது. இரவு பகலை உடலுக்கு உணர்த்தும் கடிகாரமும் அங்கேதான் இருக்கிறது. 1998-இல் லண்டனில் வலி வந்துகொண்டிருக்கும்போதே நோயாளிகளின் மூளையைப் படம் எடுத்துப் பார்த்தனர். ஹைப்போதலாமஸை ஒட்டிய பகுதி மிகுதியாக இயங்குவது தெரிந்தது. முகத்தின் உணர்ச்சிகளை மூளைக்குக் கொண்டு செல்லும் மூன்று கிளை நரம்பு தூண்டப்படுவதால் வலியும், அதனோடு தொடர்புள்ள வேறு நரம்புகள் தூண்டப்படுவதால் கண்ணீரும் மூக்கடைப்பும் உண்டாகின்றன.

கடிகாரத்தோடு தொடர்புள்ள நோயாதலால்தான் பலருக்கு உறங்கிய ஒன்றிரண்டு மணி நேரத்தில் வருகிறது. ஆண்டின் ஒரே பருவத்தில் வருகிறது. வலி வரும் வாரங்களில் சிறிதளவு மது அருந்தினாலும் வலி கிளம்பிவிடும்.

காலப்போக்கில் மாறும் நோய்

இக்கட்டுரையில் முக்கியமாகச் சொல்ல விரும்புவது இதையே. இந்தக் கடிகாரம் என்றும் ஒரே மாதிரி ஓடுவதில்லை.

பத்தில் எட்டு அல்லது ஒன்பது பேருக்கு, வலிக்காலம் சில வாரங்களில் முடிந்து, பின் மூன்று மாதத்துக்கும் மேலாக ஓய்வு கிடைக்கும். மற்றவர்களுக்கு ஓராண்டு முழுவதும் அத்தகைய ஓய்வு கிடைப்பதில்லை. இதனை நாள்பட்ட வகை என்பர். ஒரு வகை மற்றொன்றாக மாறுவதும் உண்டு. இத்தாலிய மருத்துவர் மன்சோனியும் அவருடன் இருந்தோரும் 189 நோயாளிகளைப் பத்தாண்டுக்கு மேல் கவனித்து 1991-இல் எழுதினர். விட்டு விட்டு வரும் வகையினரில் நூற்றுக்கு ஏறக்குறைய 13 பேருக்கு அது நாள்பட்டதாக மாறியது. நாள்பட்ட வகையினரில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அது விட்டு விட்டு வருவதாக மாறியது. ஆகவே கெட்ட பக்கம் திரும்பும் கடிகாரம் நல்ல பக்கமும் திரும்பக்கூடும். பருவம் மாறலாம், நேரம் மாறலாம், சிலருக்குப் பக்கமே மாறலாம். வயது ஏற ஏறப் பலருக்கு ஓய்வுக்காலம் நீள்கிறது.

ஒரு நோட்டுப் புத்தகம்

ஆறாம் வகுப்பில் ஒரு நாள் வகுப்பிலேயே உறங்கிவிட்டேன். வகுப்பாசிரியையான அருட்சகோதரி காரணம் கேட்டார்கள். வீட்டு நிலையைச் சொன்னேன். "நீ விழித்திருக்கும் நேரத்தில் வலி தொடங்கும் நேரத்தையும் முடியும் நேரத்தையும் எழுதி வை, மருத்துவருக்கு உதவும்" என்றார்கள். அன்று தொடங்கினேன்.

அந்த ஆண்டு மார்கழியிலும் தையிலும் 43 நாள்கள். பெரும்பாலும் இரவு ஒன்றரை மணி. அடுத்த ஆண்டு ஆனியிலும் வந்தது. 2023 ஆனியில் தொடங்கியதோ 2024 ஆடி வரை முற்றும் விடவில்லை. பகலிலும் வந்தது. மூன்று வாரத்துக்கு மேல் ஓய்வே இல்லை.

அந்த ஆண்டு எங்கள் வீட்டுக்கு மிகக் கடினமானது. மருந்து பொய்த்துவிட்டது என்றார் அப்பத்தா. வேறு ஏதோ புதிய நோய் என்றனர் உறவினர். பெரியப்பா மதுரைக்கு வரவே மறுத்துவிட்டார். "என்னை விட்டுவிடுங்கள்" என்று மட்டும் சொல்வார். அவரைத் தோப்புக்குத் தனியே அனுப்பப் பெரியம்மா அஞ்சினார்.

அப்போது நோட்டை அவரிடம் கொடுத்து, "பெரியப்பா, முன்பும் இது மாறியிருக்கிறது, பாருங்கள்" என்றேன். நெடுநேரம் புரட்டினார். மறுவாரம் மதுரைக்குப் புறப்பட்டார். மருத்துவர் பக்கம் பக்கமாகப் பார்த்துவிட்டு, "நோய் அதேதான், அதன் போக்குத்தான் மாறியிருக்கிறது" என்று சொல்லி, இதயத் துடிப்பைப் பதிவு செய்து பார்த்து, மருந்தின் அளவை மாற்றினார். சிறிது சிறிதாக வலிகள் குறைந்தன. 2025-இல் பத்து மாதங்கள் ஒரு வலியும் இல்லை. ஐப்பசியில் வந்தது 19 நாள்களில் நின்றது. முற்றும் குணமாகிவிட்டது என்று நான் எழுத மாட்டேன். அடுத்த பக்கங்கள் இன்னும் வெறுமையாகவே இருக்கின்றன.

மருத்துவம்

வலி வந்ததும் தணிக்கும் மருந்து வேறு. வராமல் தடுக்கும் மருந்து வேறு. வழக்கமான தலைவலி மாத்திரை வேலை செய்யத் தொடங்குவதற்குள் வலியே முடிந்துவிடும். ஆகவே சுமாட்ரிப்டான் ஊசியும் ஆக்சிஜனும் பயன்படுகின்றன. லண்டனில் நடத்தி 2009-இல் வெளியிட்ட ஆய்வில், நிமிடத்துக்கு 12 லிட்டர் வீதம் 15 நிமிடம் ஆக்சிஜன் சுவாசித்தபோது நூற்றுக்கு 78 வலிகள் தணிந்தன. வெறும் காற்றைச் சுவாசித்தபோது 20 மட்டுமே தணிந்தன. 2021-இல் கொரோனாக் காலத்தில் நாம் அஞ்சிப் பார்த்த அதே சிலிண்டர், எங்கள் வீட்டில் ஒரு மூலையில் நண்பனைப் போல நிற்கிறது. அதன் அருகில் அடுப்பு, விளக்கு, மெழுகுவர்த்தி, பீடி எதுவும் கூடாது.

தடுப்பதற்கு வெரபமில் என்னும் மாத்திரை பெரிதும் பயன்படுகிறது. இதயத்தைச் சோதித்தே அளவை உயர்த்த வேண்டும். எதையும் மருத்துவர் சொல்லாமல் தாமே உட்கொள்ளக் கூடாது.

நாம் செய்யக் கூடியவை

1. நேரம், பக்கம், நீடித்த அளவு ஆகியவற்றை எழுதி வைக்க வேண்டும்.

2. வலி வரும்போது கேள்வி கேட்டுத் தொல்லை செய்யாமல், நடக்க இடம்விட்டு, பார்வையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

3. அவர் மனம் உடைந்து பேசினால் அதை விளையாட்டாக எண்ணாமல், உடனே பெரியவர்களிடமும் மருத்துவரிடமும் சொல்ல வேண்டும்.

4. ஓய்வுக்காலத்தில் நோயாளி என்று ஒதுக்காமல், எல்லாரையும் போல நடத்த வேண்டும்.

5. தலைவலி வந்த தோழியர் இதுவோ என்று அஞ்ச வேண்டாம். நம் வயதில் இது மிக அரிது. ஆயினும் திடீரென்று தோன்றும் கடும் வலி, காய்ச்சலோடு வரும் வலி, பார்வை மங்கும் வலி ஆகியவற்றுக்கு உடனே மருத்துவரை நாட வேண்டும்.

முடிவுரை

நோயையும் அதன் காரணத்தையும் முதலில் அறிய வேண்டும் என்பது வள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தில் காட்டும் வழியாகும். எங்கள் வீட்டில் எட்டு ஆண்டுகள் அது நடக்கவில்லை. அதனால் இரண்டு பற்களும் ஒரு மனிதரின் நல்ல பெயரும் போயின. பற்கள் திரும்பா. பெயர் திரும்பிவிட்டது. இப்போது நள்ளிரவில் பெரியப்பா நடந்தால், பக்கத்துத் தோப்புக்காரர் டார்ச் விளக்கோடு வந்து, ஒன்றும் பேசாமல் கிணற்றடியில் உட்கார்ந்திருக்கிறார்.

தோழியரே! உங்கள் தெருவிலும் கண்ணைப் பொத்திக்கொண்டு இரவில் நடப்பவர் ஒருவர் இருக்கலாம். அவரைப் பற்றித் தவறாகப் பேசுவதற்கு முன், "எத்தனை மணிக்கு வருகிறது?" என்று கேட்டுப் பாருங்கள். அந்த ஒரு கேள்வியே அவருடைய நோய்க்குப் பெயரைத் தரக்கூடும்.