பவாரணை: ஓராண்டைத் திரும்பிப் பார்க்கும் முறை



ஆண்டு முடியுந் தறுவாயில் சென்றதை எண்ணிப் பார்ப்பதும், வருவதைக் குறித்து நல்லாசை கொள்வதும் உலகத்தார்க்கெல்லாம் பொதுவான வழக்கம். ஜனவரி முதல் நாளில் எண்ணுவார் சிலர். சித்திரை முதல் நாளில் எண்ணுவார் சிலர். ததாகதர் பரிநிர்வாணத்தினின்று ஆண்டைக் கணக்கிடும் நமக்கோ வைகாசிப் பௌர்ணமியில் ஆண்டு புதிதாகின்றது. 1956 ஆம் ஆண்டு அப்பௌர்ணமியில் 2500 ஆண்டு நிறைவை இந்திய தேசம் கொண்டாடியதை நம் பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஆயினும், உடன் வாழ்ந்தவரை அருகில் வைத்துக்கொண்டு சென்ற காலத்தை ஆராய்வதற்கென்றே சங்கத்தில் ஏற்பட்ட நாள் வேறொன்று உண்டு. அதன் பெயர் பவாரணை. அதனையே இம்முறை பாடமாக எடுத்துக்கொள்கிறோம்.

ஆஷாடப் பௌர்ணமிக்கு மறுநாள் தொடங்கி மூன்று திங்கள் பிக்குகள் ஓரிடத்தே தங்குவது மழைக்கால உறைவு. பிக்குவின் துறவு வயதும் இவ்வுறைவுகளைக் கொண்டே எண்ணப்படும். இத்தனை மழைக்காலம் கழித்தவர் என்றுதான் சொல்வர். ஆகவே உறைவு முடிகின்ற பௌர்ணமி அவர்க்கு ஓராண்டு நிறையும் நாள் போன்றது. அன்று அவர் செய்வது என்ன? மூத்தவர் முதலாக ஒவ்வொருவரும் மேலாடையை ஒரு தோளிலிட்டு, குந்தியமர்ந்து, கைகூப்பி, தம்மிடத்தே எவரேனும் குற்றம் கண்டதோ, கேட்டதோ, ஐயுற்றதோ உண்டாயின் இரக்கத்தினால் எடுத்துச் சொல்லுமாறும், உணர்ந்தால் திருத்திக்கொள்வதாகவும் மும்முறை வேண்டுவர். பிறர் குற்றத்தைச் சொல்லத் தொடங்குவது அன்று. தம் குற்றத்தைச் சொல்லுமாறு பிறரை அழைப்பது. பவாரணை என்னும் சொல்லுக்கும் அழைத்தல் என்பதே பொருள்.

இவ்விதி ஏற்பட்ட வரலாற்றை வினய பிடகத்து மகாவக்கம் கூறுகின்றது. கோசல நாட்டில் ஒருவரையொருவர் அறிந்த பிக்குகள் சிலர் ஒன்றாய் மழைக்காலம் தங்கினர். சச்சரவின்றி இருப்பதற்கு வழி யாது என்று யோசித்து, பேசாதிருப்பதே வழி என்று முடிவு செய்தனர். பிச்சையினின்று முதலில் திரும்பியவர் இருக்கை விரித்து நீர் வைப்பார். பின் வந்தவர் துடைத்து எடுத்து வைப்பார். தூக்க முடியாத குடத்தைத் தூக்க வேண்டின் கைச்சாடை. இவ்வாறு மூன்று திங்கள் ஒரு சொல்லுமின்றிக் கழித்துச் சாவத்தி நகரம் வந்து, இனிதாக இருந்தோம் என்று பகவானிடம் மகிழ்ச்சியோடு உரைத்தனர். பகவான் அவர்களைப் பாராட்டவில்லை. ஆடுமாடுகள் ஒரு பட்டியில் கிடப்பதைப்போலும், பகைவர் ஒருங்கு தங்குவதைப்போலும் கிடந்துவிட்டு இனிதாக வாழ்ந்தோம் என்கின்றனரே எனக் கண்டித்தார். அதன் பின்னரே பவாரணையை விதித்தார்.

இவ்விடத்து ஓர் ஐயம் எழும். மௌனம் நல்லதன்றோ? அநுருத்தர், நந்தியர், கிம்பிலர் என்னும் மூவரும் இதே முறையில் கைச்சாடையோடு வாழ்ந்தவர்களாயிற்றே. பகவான் அவர்களைப் புகழ்ந்தாரே என்று கற்றவர் கேட்கலாம். கேள்வி தக்கதே. விடை அச்சூத்திரத்திலேயே இருக்கின்றது. அம்மூவரும் ஐந்து நாளைக்கு ஒருமுறை இரவு முழுதும் உட்கார்ந்து தம்மத்தைப் பேசினார்கள். கோசலப் பிக்குகளுக்கு அந்த ஐந்தாம் இரவு இல்லை. வேற்றுமை இவ்வளவே, ஆனால் எல்லாம் இதிலே அடங்கியிருக்கின்றது. பேசவேண்டிய நாள் ஒன்று குறித்த நாளில் வருமாயின் மற்றை நாளின் மௌனம் அமைதி. அந்நாள் வாராதாயின் அதே மௌனம் பகையை மூடிய போர்வை.

யாம் இதனை வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. இவ்வாண்டில் யாம் சொற்பொழிவுக்குச் சென்ற இடங்கள் சிலவற்றில் ஒரே சங்கத்தார் இரு பிரிவாய் நிற்கக் கண்டோம். ஓரிடத்தில் விகாரைக்குக் கூரை போட வசூலித்த பணத்தின் கணக்கு. மற்றோரிடத்தில் செயலாளர் பதவி. காலையில் ஒரு கூட்டத்தார் வந்து மலர் வைத்துப் போகின்றனர். மாலையில் மற்றொரு கூட்டத்தார் வந்து விளக்கேற்றுகின்றனர். புத்தர் சிலை ஒன்றே, திரிசரணம் ஒன்றே, பஞ்சசீலமும் ஒன்றே. "இப்போது சண்டை ஒன்றும் இல்லை, ஐயா, அவரவர் பேசாமல் இருக்கிறோம்" என்று எம்மிடம் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்கள். கோசலப் பிக்குகளும் அப்படித்தான் சொன்னார்கள்.

ஆலையிலே யாம் இருபத்திரண்டு ஆண்டுகள் தறி ஓட்டியவர். பாவிழை ஒவ்வொன்றிலும் மெல்லிய தகடு ஒன்று தொங்கும். இழை அறுந்தால் தகடு விழும். விழுந்தவுடன் தறி நின்றுவிடும். அறுந்த இழையை முடிந்தபிறகே மீண்டும் ஓடும். தறி நின்றால் கூலி குறையுமே என்று தொழிலாளிக்கு மனம் வெதும்பும். ஆனால் அத்தகடு கெட்டுப்போன தறி இருக்கின்றதே, அது நிற்காது. ஓசைக்குக் குறைவில்லை, துணியும் நீண்டுகொண்டே போகும். சோதனை மேசையில் விரித்துப் பார்க்கும்போதுதான் தலைமுதல் கால்வரை ஒரு கோடு ஓடியிருப்பது தெரியும். அப்போது அதனை முடிய இயலாது. பவாரணை என்பது அந்தத் தகடு.

குற்றம் சொல்வது எளிதாயிற்றே, அதனை நாள் வைத்துச் செய்ய வேண்டுமா என்பார்க்கும் மறுமொழி உண்டு. எடுத்துரைப்பவன் தன்னுள் நிறுத்திக்கொள்ள வேண்டிய ஐந்தினைப் பகவான் வகுத்திருக்கின்றார். காலமறிந்து சொல்லல், உள்ளதையே சொல்லல், மென்மையாகச் சொல்லல், பயன்படுவதைச் சொல்லல், அன்புள்ளத்தோடு சொல்லல். இவற்றுள் நம்மவர் பெரிதும் தவறவிடுவது முதலாவதை என்பது எமது கருத்து. கூரைக் கணக்கைக் கேட்கும் உரிமை ஒவ்வோர் உறுப்பினர்க்கும் உண்டு. ஆனால் அதனை இழவு வீட்டுத் திண்ணையில் கேட்டால் அது கணக்கு அன்று, கல்லெறி. திருமணப் பந்தலிலே கேட்டாலும் அப்படியே. கேட்பதற்கென்று குறித்த நாள் இல்லாமையினால்தான் கேள்வி கண்ட இடத்தில் வெடிக்கின்றது. உள்ளதைச் சொல்லல் என்பதிலும் நுட்பம் உண்டு. பவாரணையில் கண்டது, கேட்டது, ஐயுற்றது என மூன்றையும் பிரித்தே கூறுவதைக் கவனிக்க வேண்டும். ஐயத்தைச் சொல்லத் தடையில்லை. ஐயம் என்றே சொல்ல வேண்டும். ஐயத்தைக் கண்டதாகச் சொன்னால் நான்காம் சீலம் போயிற்று.

இனி, பெரியவர்களைக் கேட்கலாமா என்ற தயக்கம். சாவத்தியின் கிழக்குப் பூங்காவில், விசாகை கட்டுவித்த மாளிகையில், ஐந்நூறு பிக்குகள் சூழ்ந்த பவாரணை நாளில் பகவானே முதலில் அழைத்தார். தம் செயலிலோ சொல்லிலோ கண்டிக்கத்தக்கது உண்டோ என்று வினவினார். கண்டிக்கத்தக்கது ஒன்றும் இல்லை எனச் சாரிபுத்தர் விடை கூறினார். பின் சாரிபுத்தரும் தம்மைக் குறித்து அவ்வாறே வினவினார். உலகாசான் வினவியதை ஊர்ச் சங்கத் தலைவரும், பொருளாளரும், போதகராகிய யாமும் வினவுவதில் என்ன குறைந்துவிடும்?

இது பிக்குகளின் வினயம். இல்லறத்தார்க்கு விதியன்று என்பது மெய்யே. ஆனால் கோசாம்பிக் கலகத்தை நினைத்துப் பாருங்கள். கழிவிடத்துப் பாத்திரத்தில் மீந்த நீரைப் பற்றித் தொடங்கியது அக்கலகம் என உரைநூல் கூறும். பகவான் சொல்லியும் பிக்குகள் அடங்கவில்லை. அவர் தனியே காடேகினார். அவர்களை வழிக்குக் கொண்டுவந்தவர் யார்? கோசாம்பியின் உபாசகரும் உபாசிகைகளும். வணங்குவதையும் பிச்சையிடுவதையும் நிறுத்தினார்கள். பிக்குகள் இறங்கி வந்தார்கள். இல்லறத்தார்க்கு இவ்விஷயத்தில் பங்கில்லை என்று எவர் சொல்ல முடியும்?

ஆண்டைத் திரும்பிப் பார்ப்பது குற்றம் பார்ப்பது மட்டுமன்று. இராகுலர்க்குக் கண்ணாடியைக் காட்டி உபதேசித்தபோது, செய்யுமுன்னும், செய்யும்போதும், செய்த பின்னும் ஆராய்க என்ற பகவான், நற்செயல் என்று கண்டால் அம்மகிழ்ச்சியிலேயே தங்கி இரவும் பகலும் பயிலுக என்றும் சொன்னார். ஆதலின் மகிழத்தக்கதையும் கூறுவோம். ஞாயிறு தம்மப் பள்ளிக்குப் பிள்ளைகள் வருகின்றனர். புரோகிதர் இன்றித் திரிசரணம் கூறி நடந்த திருமணங்களில் இவ்வாண்டு எம்மை அழைத்த சில, முன்னே தம்முள் பெண் கொடுத்துக் கொள்ளாத பிரிவினரிடையே நடந்தவை. அண்ணல் அம்பேத்கர் 1956 அக்டோபர் 14 ஆம் நாள் நாகபுரியில் தீட்சை பெற்றது விஜயதசமி. அதற்கு ஐந்தாம் நாளே பவாரணைப் பௌர்ணமி வரும். அவ்வாரத்தை நம்மவர் இன்னும் சிறப்பாகக் கொள்ளலாம் என்பது எம் ஆசை.

வெளிக் காரியம் ஒன்றும் உண்டு. 2021 இல் நடந்திருக்க வேண்டிய மக்கள் கணக்கெடுப்பை 2027 மார்ச் முதல் நாளை அடிப்படையாக வைத்து நடத்துவதாக அரசு 2025 ஜூனில் அறிவித்தது. 2011 கணக்கில் இந்தியாவில் பௌத்தர் 84 இலட்சத்துக்கு மேல்; தமிழ்நாட்டிலோ பதினோராயிரத்துச் சொச்சமே. பௌத்தர் என்று சொன்னால் சலுகை போய்விடும் என்னும் அச்சம் இன்னும் உலவுகின்றது. 1990 இல் சட்டம் திருத்தப்பட்டுப் பௌத்தரான பட்டியல் சாதியினர்க்கும் அவ்வுரிமை உண்டாயிற்று. அண்டை வீட்டார்க்கு இதனை எடுத்துச் சொல்லுங்கள்.

வரும் பவாரணைப் பௌர்ணமியில் செய்யத்தக்கது இது. காலை மாலை என்று இரு கூட்டம் வேண்டா. மாலை ஒன்றே போதும். திரிசரணமும் பஞ்சசீலமும் கூறியபின் தலைவர் முதலில் எழுந்து தம்மைக் குறித்துக் கேட்க வேண்டும். பின் செயலாளர், பின் பொருளாளர். பொருளாளர் கணக்குப் புத்தகத்தை மேசைமேல் திறந்து வைத்தே கேட்க வேண்டும். கேட்கப்பட்டவர் அன்றே மறுத்து வாதிட வேண்டா. ஏற்கத்தக்கதை ஏற்று, மற்றதற்கு அடுத்த பௌர்ணமியில் விடை தரலாம். பெண்கள் பின்வரிசையில் இருந்து சாடை காட்டும் வழக்கம் ஒழிந்து முன்னே அமர வேண்டும். ஐவர் கூடினாலன்றிச் சங்கப் பவாரணை இல்லை. நால்வர், மூவர், இருவராயின் தமக்குள் கேட்டுக்கொள்வர். ஒருவரே இருப்பின் தம் மனத்தில் உறுதி செய்துகொள்வார் என்பது வினய முறை. ஆகவே அயலூரில் பிழைப்புக்காகத் தனித்திருக்கும் குடும்பத்தாரும் கணவனும் மனைவியுமாக எதிரெதிர் அமர்ந்து இதனைச் செய்யலாம். பிள்ளைகள் அருகில் இருக்கட்டும்.